விமானம் மாறும் இடைவெளியில் நீர்கொழும்பு

டிக்கெட்டில் கொழும்பு என்று அச்சாகியிருந்தாலும் பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் கொழும்பில் இல்லை. நகருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, கட்டுநாயக்கவில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ஊர் நீர்கொழும்பு. சுமார் 10 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை இங்கே ஓடுபாதை அமைத்தபோது அந்தத் தளத்துக்கு இட்ட பெயரும் நீர்கொழும்புதான். சென்னை, திருச்சி, மதுரை விமானங்களில் வந்து இறங்கி, வளைகுடாவுக்கோ மெல்போர்னுக்கோ லண்டனுக்கோ மாறிப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரை ஜன்னல் வழியே தென்னந்தோப்பாகவும் வாவியாகவும் பார்ப்பதோடு சரி. கையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், அதுவும் பகல் நேரமாக இருந்தால், வெளியே போய் வரலாம். அப்படிப் போகும்போது கொழும்பை விட்டுவிட்டு நீர்கொழும்பைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

காரணம் தூரம் மட்டுமல்ல. 2013-இல் திறக்கப்பட்ட அதிவேக நெடுஞ்சாலையில் கொழும்பின் எல்லையை அரை மணியில் தொட்டுவிடலாம். அதன் பிறகுதான் சிக்கல். கோட்டை, புறக்கோட்டை, காலிமுகத்திடல் என்று நகருக்குள் நகர்ந்து திரும்பும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லவே முடியாது. நீர்கொழும்பில் பார்க்க வேண்டிய கோட்டை வாசல், மீன் சந்தை, கருவாடு காயும் மணல்வெளி, வாவியின் முகத்துவாரம் எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஏதாவது தவறினாலும் விமான நிலையம் ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. கண்டி, பின்னவல யானைகள் காப்பகம் போன்றவற்றை விமான நிலைய வாசலில் நிற்கும் கார்க்காரர்கள் ‘போயிட்டு வந்துடலாம்’ என்று சொல்வார்கள். அவை ஒரு நாளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு உரியவை.

கணக்கைப் பின்னாலிருந்து போடுதல்

இடைவெளியில் எத்தனை மணி நேரம் உண்மையில் பயணியுடையது என்பதை, அடுத்த விமானம் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் தெரியும். காலை 7 மணிக்கு இறங்கி மாலை 4 மணிக்கு ஏறுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். தாளில் ஒன்பது மணி நேரம். 4 மணி விமானத்துக்கு 1 மணிக்கு முனையத்தின் வாசலில் நிற்க வேண்டும். இங்கே செக்-இன் பகுதிக்குள் நுழையும் முன்பே பெட்டிகளை ஸ்கேன் செய்கிறார்கள், கூட்டமான நாட்களில் அந்த வரிசையே நீளும். அப்படியானால் 12.15-க்கு ஊரிலிருந்து கிளம்ப வேண்டும். முன்பக்கத்தில், இறங்கி, குடிவரவு முடித்து, பணம் மாற்றி வெளியே வர ஒரு மணி நேரம். சாலையில் அரை மணி. ஆக 8.30-இலிருந்து 12.15 வரை, மூன்றே முக்கால் மணி நேரம். ஒன்பது இப்படித்தான் நாலுக்கும் குறைவாகச் சுருங்குகிறது. ஆனால் ஒரு சிறிய ஊருக்கு அது போதும்.

இதே கணக்கை ஆறு மணி நேர இடைவெளிக்குப் போட்டால் மிஞ்சுவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்காக முத்திரை குத்திக்கொண்டு வெளியே போவது வீண் அலைச்சல். உள்ளேயே காலை நீட்டிக்கொள்வது மேல். இரவு பத்துக்கு இறங்கி விடிகாலையில் ஏறுகிறவர்களுக்கும் ஊர் சுற்றல் பொருந்தாது. அவர்களுக்குத் தேவை ஒரு கட்டில். நீர்கொழும்பிலும் கட்டுநாயக்கவைச் சுற்றியும் இதற்கென்றே விருந்தினர் விடுதிகள் உண்டு. விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புவார்களா, அதிகாலையில் திரும்பக் கொண்டுவிடுவார்களா என்று பதிவு செய்யும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நீண்ட இடைவெளி உள்ள சில டிக்கெட்டுகளுக்கு விமான நிறுவனமே தங்க இடம் தருவதுண்டு. கேட்டால் கிடைக்கலாம், கேட்காதவருக்குத் தாமாக யாரும் சொல்வதில்லை.

கணக்கைத் தலைகீழாக்கக்கூடிய விஷயம் பெட்டி. இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்து, புறப்பட்ட ஊரிலேயே இறுதி இடம் வரை பெட்டிக்குச் சீட்டு ஒட்டி, இரண்டாவது போர்டிங் பாஸையும் கொடுத்துவிட்டார்களானால் பயணி கைவீசிக்கொண்டு போகலாம். மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கியவரின் நிலை வேறு. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. பெட்டியோடு ஊருக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வழி, விடுதி ஒன்றில் பகல் நேரத்துக்கு மட்டும் அறை எடுப்பது. பெட்டியும் பத்திரம், குளிக்கவும் இடம்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றே என்பதால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. எதிர்த் திசையில், மெல்போர்னிலிருந்தோ துபாயிலிருந்தோ வருகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும். கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும்; கைக்கடிகாரம் மாற்றிக்கொள்ளாது.

வாசலைத் தாண்டும் முன்

விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து விமானம் மாறுகிறவருக்கு விசா வேண்டாம். வெளியே வர மின்னணுப் பயண அனுமதி வேண்டும். இரண்டு நாள் வரையான ட்ரான்சிட்டுக்கென்று அதில் தனி வகை உண்டு. இலங்கையின் விசா நடைமுறை 2024-இல் மட்டும் இரண்டு முறை மாறியது. கட்டணங்களும் சலுகை பெறும் நாடுகளின் பட்டியலும் அதன் பிறகும் அசைந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே பழைய நண்பர் சொன்னதை நம்பாமல், பயணத்துக்கு ஒரு வாரம் முன் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தைப் பார்ப்பதே சரி. அதே தோற்றத்தில் தரகர்கள் நடத்தும் தளங்கள் பல, கூடுதல் கட்டணத்தோடு. உண்மையான அரசுத் தளத்தின் முகவரியில் ஜி.ஓ.வி. என்ற எழுத்துகள் இருக்கும்.

குடிவரவைத் தாண்டியதும் தென்படும் வரிவிலக்குக் கடைகள் முதல்முறை வருகிறவரைத் திகைக்க வைக்கும். மற்ற நாடுகளில் சாக்லேட்டும் வாசனைத் தைலமும் இருக்கும் இடத்தில் இங்கே குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் வரிசையாக நிற்கின்றன. வளைகுடாவில் வேலை செய்து திரும்பும் இலங்கையர்கள் வீட்டுக்கு வாங்கிப் போகும் பொருட்கள் அவை. ட்ரான்சிட் பயணிக்கு அங்கே வேலையில்லை. நேராக வருகை மண்டபத்துக்குப் போனால் வங்கிகளின் பணமாற்றுக் கவுன்டர்கள் அருகருகே இருக்கும். இரண்டு மூன்று பலகைகளைப் பார்த்துவிட்டு, அரை நாளுக்கு வேண்டியதை மட்டும் மாற்றி, சில்லறை நோட்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. டயலாக், மொபிடெல் சிம் கார்டுகளும் அங்கேயே கிடைக்கும். சிம் எதற்கு என்றால், பிக்மீ, ஊபர் செயலிகள் வழியே வண்டி அழைப்பதற்கு. பேரம் பேசும் தொல்லை அதோடு போயிற்று. செயலி இல்லாதவர் ஆட்டோவில் ஏறும் முன்பே தொகையைப் பேசி முடித்துவிட வேண்டும்.

பேருந்து மலிவு. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு போகும் 240-ஆம் எண் பேருந்து விமான நிலையத்துக்கு வெளியே பிரதான சாலையில் போகிறது. ஆனால் அந்தச் சாலைவரை வர வேண்டும், நின்று நின்று போகும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். போகும்போது பேருந்து, வரும்போது ஆட்டோ என்பது மோசமில்லாத ஏற்பாடு. புத்தளம் ரயில் பாதையிலும் நீர்கொழும்புக்கு நிலையம் உண்டு. கையில் எண்ணிய மணி நேரம் வைத்திருப்பவருக்கு அந்த ரயில் ஒத்துவராது.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் பெரும்பாலோர் பேசுவது சிங்களம். தமிழ் தெரிந்தவரும் நிறையவே கிடைப்பார்கள். தமிழில் மரியாதைக்காக ‘ஐயா’ என்று கூப்பிட்டால் சிங்களக் காதில் அது ‘அண்ணா’ என்று விழும். ஆகவே குற்றமில்லை, இன்னும் நெருக்கமாகிவிடுகிறது. அம்மாவும் அக்காவும் இரண்டு மொழியிலும் ஒன்றே. ‘கீயத’ என்றால் எவ்வளவு. ‘ஸ்துதி’ என்றால் நன்றி. அரை நாளுக்கு இது போதும்.

ஊருக்குள்

முதலில் போக வேண்டியது மீன் சந்தைக்கு, ஏனென்றால் அது காத்திருக்காது. ஊர்க்காரர்கள் ‘லெல்லம’ என்று சொல்லும் இந்தச் சந்தை, பழைய கோட்டைக்கு அருகே வாவி கடலில் கலக்கும் பக்கத்தில் இருக்கிறது. விடியும் முன்பே தொடங்கி, வெயில் ஏறும்போது கலையத் தொடங்கிவிடும். எட்டரைக்கு வருகிறவர் பார்ப்பது அதன் கடைசிப் பகுதியைத்தான். அதுவும் பார்க்கத் தகுந்ததே. சூரை மீன்கள் சிமென்ட் தரையில் கிடக்க, கத்தியோடு உட்கார்ந்திருப்பவர் இரண்டே வெட்டில் தலையைத் தனியே எடுத்துவிடுவார். சென்னையின் வஞ்சிரம் இங்கே ‘தோரா’. யாழ்ப்பாணத்துக்காரர் அதையே அறக்குளா என்பார். ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது. மீனவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், அன்று கடலுக்குப் போவதில்லை. ஞாயிறன்று விமானம் மாறுகிறவர் இந்தப் பகுதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம்.

சந்தையை ஒட்டிய மணலில்தான் இந்த ஊரின் தனிக் காட்சி. கண்ணுக்கு எட்டும் வரை தென்னை நார்ப் பாய்கள். அவற்றின்மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிய மீன். சிறிய மீன் அப்படியே காயும். பெரியதை முதுகுப் பக்கமாகப் பிளந்து, குடலை எடுத்து, கடல் நீரில் கழுவி, பீப்பாயில் உப்போடு ஊறவிட்டுப் பிறகு வெயிலில் போடுகிறார்கள். பாயின் ஓரமாகக் குனிந்தபடியே நகரும் ஒரு பெண், கையால் ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு போவார். வரிசை முடிந்ததும் முதல் மீன் மறுபடி திருப்பத் தயாராக இருக்கும். காகம் விரட்ட ஒரு ஆள். கருவாட்டுக்குச் சிங்களத்தில் ‘கரவல’ என்று பெயர். சொல்லைக் கேட்டாலே உறவு தெரியும். வாடை கடுமையானது, உடையில் பிடித்துக்கொள்ளும். அடுத்த விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்து, காற்று வீசும் திசைக்கு மறுபுறமாக நின்று பார்ப்பது உத்தமம். வேலை செய்கிறவர்களைப் படமெடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். மழை நாளில் பாய்கள் சுருட்டப்பட்டு இந்த மணல் வெறிச்சோடிக் கிடக்கும்.

கரையில் ‘ஒருவ’ என்னும் படகுகளும் தென்படலாம். ஒடுங்கிய உடல், பக்கவாட்டில் நீட்டிய இரண்டு கொம்புகளின் முனையில் ஒரு மிதவைக் கட்டை, பழுப்பேறிய சதுரப் பாய். சுற்றுலாக்காரர்கள் இதைக் ‘கட்டமரான்’ என்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனது. படகோ கட்டுமரமே அல்ல. மரத் துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது கட்டுமரம். இது குடைந்து செய்த தோணிக்கு மிதவை வைத்தது. இப்போது கரையில் அதிகம் நிற்பவை மோட்டார் பொருத்திய ஃபைபர் படகுகள்.

இந்தக் கரையோர மீனவர்களிடையே வழங்கும் தமிழ் மொழியியலாளர்கள் தேடி வந்து ஆராய்ந்த ஒன்று. தலைமுறைகளாகச் சிங்களத்தோடு சேர்ந்தே பேசப்பட்டதால், வினைமுற்றில் நான், நீ, அவன் என்று ஆளைக் காட்டும் விகுதிகள் அதில் உதிர்ந்து, எல்லோருக்கும் ஒரே வினை வடிவம் வருகிறது. இரண்டு படகுக்காரர்கள் பேசிக்கொள்வதைச் சற்று நின்று கேட்டால், புரிந்தும் புரியாமலும் இருக்கும் ஒரு தமிழ் காதில் விழக்கூடும்.

கோட்டையில் எஞ்சியிருப்பது கொஞ்சம். கறுவாப் பட்டை வாணிபத்துக்காகப் போர்த்துக்கீசியர் கட்டியதை 1640-களில் டச்சுக்காரர் பிடித்துக்கொண்டனர். அவர்கள் திருத்திக் கட்டிய வாசலில் 1678 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. பிரிட்டிஷார் காலத்தில் அந்த இடம் சிறைச்சாலையாயிற்று, இன்றும் சிறைதான். ஆகவே வாசலை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடக்க வேண்டியதே, சிறைக் காவலர்கள் இருக்கும் திசையில் காமிராவைத் திருப்பாமல். ஊரின் நடுவே போகும் கால்வாயைப் பலரும் டச்சுக் கால்வாய் என்றே சொல்கிறார்கள். பட்டையும் பாக்கும் படகில் போன வழி அது.

நீர்கொழும்பை ‘சின்ன ரோமாபுரி’ என்று சொல்வதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். தெரு முனைகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு புனிதர், அவருக்குச் சரவிளக்கு. பெரிய ஆலயம் புனித மரியாள் ஆலயம். 1874-இல் தொடங்கி 1922-இல் முடிந்தது. உள்ளே போனால் மேற்கூரை ஓவியங்களைக் கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். வாவி முகத்துவாரத்தில் உள்ள துவ என்னும் சிறு தீவில் புனித வாரத்தில் நடக்கும் திருப்பாடுகளின் நாடகம் பெயர்பெற்றது. கட்டுவாப்பிட்டியிலுள்ள புனித செபஸ்தியார் ஆலயம் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த இடம். அதைப் பார்வையிடும் தலங்களின் பட்டியலில் சேர்ப்பது முறையாகாது. அஞ்சலி செலுத்த விரும்புகிறவர் அமைதியாகப் போய் வரலாம்.

கடற்கரைத் தெருவில் முத்துமாரியம்மன் கோயில் உட்பட இந்துக் கோயில்கள் சில அடுத்தடுத்து இருக்கின்றன. தேவாலய மணியும் கோயில் மணியும் ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது. அங்குருகாரமுல்ல பௌத்த விகாரையில், திறந்த வாயோடு நிற்கும் யாளி போன்ற உருவத்தின் வழியே நுழைந்தால் பெரிய புத்தர் சிலை. புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுத்துக்கொள்வது இலங்கையில் அவமதிப்பாகக் கருதப்படும். செல்ஃபி எடுக்கும் பழக்கம் உள்ளவர் இதை மறக்கக் கூடாது.

மூன்றே முக்கால் மணி நேரத்தில் இவை அனைத்தையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். சந்தையும் மணலும் கோட்டை வாசலும் ஒரு பக்கம். ஆலயம், கோயில் தெரு ஊருக்குள். இரண்டு மணி நேரம் நடைக்கு, ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு என்று வைத்துக்கொண்டால் மூச்சு வாங்காது. பிற்பகலில் இறங்கி நள்ளிரவில் ஏறுகிறவருக்குச் சந்தை கிடைக்காது. பதிலாக வடக்கேயுள்ள கடற்கரையில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். மேற்குக் கரையாதலால் ஆண்டு முழுதும் ஆறு, ஆறரைக்குள் அது நடந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்றில் கடல் கொந்தளிக்கும். கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பத்து மணி நேரத்துக்கு மேல் உள்ளவர், ஊருக்குத் தெற்கேயுள்ள முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் படகுச் சவாரி போகலாம். அதிகாலையிலும் மாலையிலும் பறவைகள் இருக்கும். நண்பகலில் போனால் வெயில் மட்டும் இருக்கும்.

சாப்பாடு

காலைக்கு அப்பம் அல்லது இடியப்பம், தொட்டுக்கொள்ள சம்பல். மதியத்துக்குச் சோறும் கறியும். வாவி இறாலும் நண்டும் இந்த ஊரின் பெருமை. சைவ உணவுக்காரர் ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும். தேங்காய்ச் சம்பலிலும், பருப்பிலும், சில காய்கறிக் கறிகளிலும்கூட மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது இங்கே வழக்கம். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சி இல்லாததைக் கொடுப்பார்கள், மாசி இருக்கும். சிங்களத்தில் மாசிக்கு ‘உம்பலகட’ என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லி வேண்டாம் என்று கையசைப்பதே பலன் தரும். அதைவிடச் சுலபம், ‘சைவக் கடை’ எங்கே என்று கேட்டுப் போவது. தாகத்துக்குச் சாலையோரத்தில் தம்பிலி என்னும் செவ்விளநீர். மதியச் சாப்பாட்டுக்கு 11.30-க்கே உட்கார்ந்துவிட வேண்டும். பௌர்ணமிதோறும் இங்கே போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது.

திரும்புதல்

ஊரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் பாதை, கொழும்பு–புத்தளம் நெடுஞ்சாலை. அந்தப் பக்கத்திலேயே 1978-இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆலைகள் இருப்பதால், ஷிப்ட் மாறும் நேரத்தில் பேருந்துகளும் நடந்து போகும் பெண்களும் சாலையை நிறைப்பார்கள். காலையிலும் மாலையிலும் இருபது நிமிடப் பயணம் நாற்பதாகலாம். அந்த நேரங்களில் திரும்புகிறவர் அரை மணி கூடுதலாக ஒதுக்குவது அவசியம்.

மிஞ்சிய இலங்கை ரூபாயைக் குடியகல்வுச் சோதனைக்கு முன்பே செலவழிப்பதோ மாற்றுவதோ எளிது. கறுவாப் பட்டையும் தேயிலையும் எடுத்துப் போகத் தகுந்தவை. எடை குறைவு, சோதனையில் சிக்கலில்லை. இளநீரோ தண்ணீர்ப் புட்டியோ பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. கருவாடு வாங்க ஆசைப்படுகிறவர் அடுத்து இறங்கும் நாட்டை யோசிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர் கொண்டுவரும் உணவுப் பொருளை வருகைச் சீட்டில் எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம் அந்த இடத்திலேயே விதிக்கப்படும். இந்தியா திரும்புகிறவரும் அதைக் கைப்பையில் வைக்காமல், இரண்டு மூன்று உறைகளில் சுற்றிப் பெரிய பெட்டியில் வைப்பதே நல்லது. பெட்டி ஏற்கெனவே இறுதி இடத்துக்குப் போயிருந்தால் கருவாட்டை அடுத்த பயணத்துக்கு விட்டுவிட வேண்டியதுதான்.